கூடம் கோணலாக இல்லை

அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் கூடை நட்டிருக்கும் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஒன்று மட்டும் காசில்லாமல் கிடைக்கும்: எந்த டிஸ்க்கை வாங்குவது என்ற யோசனை. எறிந்தது தூரம் போகவில்லையா? இன்னும் வேகமான டிரைவர் வாங்கு. எறிக்கு எறி திசை மாறுகிறதா? ஓவர்ஸ்டேபிள் வாங்கு, சொன்னபடி கேட்கும். வலப்பக்கம் கவிழ்ந்து விழுகிறதா? அந்த டிஸ்க் சரியில்லை, வேறு வாங்கு. பத்து வருடம் ஆடியவர் சொல்கிறார், போன மாதம் ஆட வந்தவரும் சொல்கிறார், விற்கிறவர் சொல்லாமல் இருப்பாரா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்குக் கூடத்தை மாற்றிக் கொடுக்க ஆளில்லை. இந்த ஆட்டத்தில் பதினைந்து, இருபது டாலருக்குப் புதுக் கூடமே கிடைத்துவிடுகிறது.

வேகமான டிஸ்க் தூரம் தரும், ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் சீர் தரும் என்ற இந்த இரண்டு நம்பிக்கைகளும் எறியக் கற்கிறவருக்குக் கேடு என்பது என் கட்சி. முதலாவதைவிட இரண்டாவது பொல்லாதது. அது அனுபவம் பேசுவதுபோல ஒலிப்பதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

ஆட்டம் புதிது என்பவர்களுக்காகச் சில வரிகள். பந்துக்குப் பதில் கையளவு பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. மற்றபடி கணக்கு கோல்ஃப் கணக்குதான். ஃபிரிஸ்பீயைச் செம்மைப்படுத்தி 1967-இல் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக், 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். மறு வருடமே பிடிஜிஏ என்ற சங்கத்தைத் தொடங்கினார். இன்று விற்கும் டிஸ்க்குகளின் மேல் பெரும்பாலும் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். இன்னோவா நிறுவனம் பரப்பிய முறை அது: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். டெஸ்ட்ராயர் என்ற பேர்போன டிரைவருக்கு, அதாவது தூரம் எறியும் டிஸ்க்குக்கு, 12, 5, -1, 3. ஏவியார் என்ற பட்டருக்கு, அதாவது கூடைக்கு அருகே எறியும் டிஸ்க்குக்கு, 2, 3, 0, 1. கடைசி இரண்டு எண்களில்தான் நம் வழக்கு இருக்கிறது.

வலது கையால் பேக்ஹேண்ட் எறிகிறவரை வைத்துப் பேசுகிறேன். இடது கைக்காரர் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். அவர் கையை விட்டுப் புறப்படும் டிஸ்க்கை மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழலும். நல்ல வேகத்தில் போகையில் காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் மூக்கு, அதாவது முன்விளிம்பு, கீழே தாழப் பார்க்கிறது. சுழலாத தட்டு என்றால் தலைகுப்புற விழும். சுழல்கிற பம்பரத்தைத் தட்டினால் அது தட்டிய பக்கம் சாயாமல் வேறு பக்கம் விலகுமே, அப்படி இந்த டிஸ்க்கும் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் வலப்பக்கம் சாய்கிறது. அதுதான் டர்ன். வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கியதும் காற்று அடியிலிருந்து மோதுகிறது, விசை விழும் இடம் முன்னால் நகர்கிறது, சாய்வு இடப்பக்கம் திரும்புகிறது. அது ஃபேட். வலப்பக்கம் சாய மறுத்து இடப்பக்கம் விழுவதிலேயே குறியாக இருப்பது ஓவர்ஸ்டேபிள். லேசாகத் தூண்டினாலே வலப்பக்கம் சாய்ந்துகொடுப்பது அண்டர்ஸ்டேபிள்.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதற்குரிய பலத்தோடு சொல்லிவிடுவதுதான் நியாயம். ஃபயர்பேர்ட் போன்ற ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கை (9, 3, 0, 4) எப்படி எறிந்தாலும் கடைசியில் இடப்பக்கம்தான் போய் விழும். காற்றடித்தாலும் போகும், மணிக்கட்டு சற்றுப் பிசகினாலும் போகும். விழும் பக்கம் முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்பக் குறிவைக்கலாம். அதற்குப் பெயர்தானே சீர்? உலகப் போட்டிகளில் ஆடுகிறவர்கள் பையிலும் அப்படிப்பட்ட டிஸ்க்குகள் இருக்கின்றனவே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே சீராக நடந்துகொள்வது யார்? டிஸ்க்தான். மணிக்கட்டை உருட்டி எறிந்தாலும் இடப்பக்கம், தள்ளாட விட்டாலும் இடப்பக்கம், மூக்கைத் தூக்கி எறிந்தாலும் இடப்பக்கம், சுத்தமாக எறிந்தாலும் இடப்பக்கம். நாலு விதமாக எறிந்தவருக்கு ஒரே விடை வருகிறது. எறிந்தவர் தன் கை சீராகிவிட்டது என்று நம்பிக்கொண்டு அடுத்த டீக்கு, அதாவது அடுத்த எறி தொடங்கும் இடத்துக்கு, நடக்கிறார். எந்த விடைத்தாளைக் கொடுத்தாலும் நாற்பத்தைந்து மதிப்பெண் போடும் வாத்தியாரிடம் எதைக் கற்பது? அதிலும் சீர் என்று சொல்வது பக்கம் மட்டும்தான். தூரத்தை அளந்து பாருங்கள். ஒன்று நாற்பது மீட்டரில் கிடக்கும், அடுத்தது அறுபத்தைந்தில் கிடக்கும். இரண்டும் இடப்பக்கம்தான் என்பதில் என்ன ஆறுதல்?

இதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கெடுதல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எல்லா எறியும் இடப்பக்கம் போகிறதே என்று சலிக்கும் கற்றுக்குட்டி, நேராக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: டிஸ்க்கின் வெளிவிளிம்பைத் தூக்கிப் பிடித்து, அதாவது அன்ஹைசர் கோணத்தில், விடுவது. டிஸ்க் வலப்பக்கம் கிளம்பி, அதன் குணப்படி இடப்பக்கம் திரும்பி, ஏறத்தாழ நடுவில் வந்து விழுகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் “சூப்பர்” என்கிறார்கள். அருகில் நின்று அந்தக் கையைப் பாருங்கள். டிஸ்க் மார்பைக் கடக்கும்போது முன்னங்கை மேல்நோக்கிப் புரள்கிறது, கட்டைவிரல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் உருள்கிறது, தோள் பின்னால் சாய்கிறது. கையை விட்ட டிஸ்க் முதல் பத்து மீட்டருக்கு ஈரத்துணி போலப் படபடக்கிறது. ஓவர்ஸ்டேபிள் விளிம்பு அந்தப் படபடப்பையும் விழுங்கிக்கொள்கிறது. ஆறு மாதத்தில் இந்தப் புரட்டல் எறியும் முறையாகவே உடம்பில் படிந்துவிடும். அப்புறம் ஒரு நாள் யாரோ நேராகப் பறக்கும் மிட்ரேஞ்சு, அதாவது நடுத்தூர டிஸ்க், ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். அதே புரட்டலோடு எறிந்ததும் அது வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருண்டோடுகிறது. ‘இது ஒத்துவராது, ரொம்ப ஃப்ளிப்பி’ என்று திருப்பிக் கொடுக்கிறார். உள்ளதைச் சொன்ன ஒரே டிஸ்க் அதுதான். அதற்குக் கெட்ட பெயர்.

இனி வேகம். டிஸ்க்கின் மேல் 12 என்று போட்டிருந்தால் பன்னிரண்டு பங்கு வேகம் தரும் என்றே எல்லாரும் படிக்கிறார்கள். அந்த எண் தருவதைச் சொல்லவில்லை, கேட்பதைச் சொல்கிறது. விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் இருக்கும் டிஸ்க் காற்றை எளிதில் கிழிக்கும். ஆனால் அது தன் குணப்படி பறக்க அதற்கேற்ற வேகத்தில் கையை விட்டுப் போக வேண்டும். டெஸ்ட்ராயர் அச்சிட்டபடி பறக்க மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் வேண்டும். புதிதாக ஆடுகிறவர் எறிவது 70, 80. அந்த வேகத்தில் அதற்கு டர்ன் என்பதே கிடையாது, ஃபேட் மட்டும்தான். பன்னிரண்டாம் எண் டிரைவரை வாங்கியவர் தெரியாமலேயே இன்னொரு ஓவர்ஸ்டேபிளை வாங்கியிருக்கிறார்.

இந்தக் கூர்விளிம்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஓக் குரோவில் முதலில் ஆடியவர்கள் சாதாரண ஃபிரிஸ்பீயைத்தான் எறிந்தார்கள். 1983-இல் இன்னோவாவின் டேவ் டனிபேஸ் ஈகிள் என்ற டிஸ்க்கின் விளிம்பைச் சரிவாகச் சீவி வெளியிட்டார். டிஸ்க் கோல்ஃபுக்கென்றே வந்த முதல் சரிவு விளிம்பு அது. அதன் பிறகு விளிம்பு அகன்றுகொண்டே போனது. ஏவியாரின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, டெஸ்ட்ராயருக்கு 2.2. சங்கம் 2.6-இல் கோடு போடாவிட்டால் இன்னும் எங்கே போயிருக்குமோ. அகன்ற விளிம்பை இறுகப் பிடிக்க நீண்ட விரல் வேண்டும். சிறிய கைக்காரரின் விரல்நுனி உள்விளிம்பை முழுதாகப் பற்றாது. கடைசி நொடியில் டிஸ்க் நழுவும், கொஞ்சம் முந்தியோ பிந்தியோ. சீரின்மைக்கு இதைவிட எளிய காரணம் வேண்டுமா? இதற்கும் மருந்து புது டிஸ்க்தான் என்கிறார்கள்.

2016-இல் நெவாடாப் பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தது இதே வகை டிரைவரால்தானே என்று கேட்பார்கள். ஆமாம். முதுகில் பலத்த காற்று, திறந்த வெளி, உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே இருக்கும் கை. சனிக்கிழமை காலையில் மரங்களுக்கு நடுவே எழுபது மீட்டர் தள்ளியிருக்கும் கூடையைப் பார்த்து நிற்பவருக்கு அந்தச் சாதனையில் ஒரு பாடமும் இல்லை.

சாம்பியன்களைச் சாட்சிக்கு அழைப்பதென்றால் நானும் அழைக்கிறேன். கென் கிளைமோ 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது முறையும், மொத்தம் பன்னிரண்டு முறையும் உலகப் பட்டம் வென்றவர். அவர் பெயர் பொறித்து விற்றவற்றில் ஏவியார் பட்டர் உண்டு, ராக் மிட்ரேஞ்சு உண்டு, டீபேர்ட் என்ற நிதானமான ஃபேர்வே டிரைவர் உண்டு. இன்றைய அகல விளிம்பு டிரைவர்கள் தொண்ணூறுகளில் இல்லையே என்றால் ஒப்புக்கொள்கிறேன். சரி, 2021-க்கு வாருங்கள். யூட்டா மாநிலம் ஆக்டனில் உலகப் போட்டியின் கடைசிக் கூடை. பால் மெக்பெத் ஒரு எறி முன்னால் நிற்கிறார். ஜேம்ஸ் கான்ராடுக்குக் கூடை 247 அடி தள்ளி, சுமார் 75 மீட்டரில். அங்கிருந்தே சங்கிலியில் விழுந்தால்தான் பிழைப்பு. பையிலிருந்து அவர் எடுத்தது என்வி என்ற பட்டர். இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து, நேரே கூடைக்குள். அதன் பிறகு ப்ளே-ஆஃபில் பட்டத்தையும் எடுத்தார். இந்த ஆட்டத்தில் அதிகம் பேர் பார்த்த எறி அதுவாகத்தான் இருக்கும். அதை ஃபயர்பேர்ட்டால் எறிந்திருக்க முடியாது. கை சொன்ன இடத்துக்கு வளைந்துகொடுக்கும் டிஸ்க்கால்தான் முடியும். அந்தக் கைக்குச் சொல்லத் தெரிந்திருந்தது.

பையில் ஓவர்ஸ்டேபிள் வைத்திருக்கும் சாம்பியன்கள் அதை வைத்து நேராக எறியக் கற்கவில்லை. நேராக எறியக் கற்ற பிறகு, நேராக எறிவது உதவாத இடங்களுக்காக வைத்திருக்கிறார்கள். எதிர்க்காற்றில் டிஸ்க்கின் மேல் மோதும் வேகம் கூடுகிறது, அதனால் நடுநிலை டிஸ்க்கும் வலப்பக்கம் கவிழும். அங்கே ஃபயர்பேர்ட் வேண்டும். தரையில் பட்டு இடப்பக்கம் வழுக்கிப் போக வேண்டிய இடத்திலும் வேண்டும். ஃபோர்ஹேண்டில் பலருக்கு அது கைக்குத் தோதாக அமையும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கருவியாக இருப்பதைக் கைத்தடியாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

அச்சிட்ட எண்களின் மேல் வைக்கும் பக்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிடிஜிஏ ஒரு டிஸ்க்கை அங்கீகரிக்கும்போது அளவு, எடை, விளிம்பு ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. பறக்கும் எண்களுக்கு அது பொறுப்பில்லை. அவை தயாரிப்பவர் தாமே போட்டுக்கொள்வது. ஒரே அச்சில் வார்த்த டிஸ்க்கே மலிவான பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி, உயர்தரப் பிளாஸ்டிக்கில் வேறு மாதிரி பறக்கும். நாலு மரத்தில் மோதினால் இன்னொரு மாதிரி. ஒரு நிறுவனத்தின் 7-ஐ இன்னொரு நிறுவனத்தின் 7-ஓடு ஒப்பிட்டு இரவெல்லாம் அட்டவணை போடுகிறவர்கள் அந்த நேரத்தில் தூங்கினால் மறுநாள் இன்னும் நன்றாக எறிவார்கள். கோல்ஃபில் பையில் 14 கட்டைக்கு மேல் கூடாது என்று விதி. இங்கே டிஸ்க்குக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. விற்பனைக்கு இதைவிட வசதியான விதி அமையுமா? இருபத்தைந்து டிஸ்க் கொள்ளும் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு, எழுபது மீட்டர் எறியத் தெரியாமல் நடப்பவர்கள் எந்த மைதானத்திலும் உண்டு. டிஸ்க் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு, தபால்தலை சேர்ப்பதும்தான். தபால்தலை சேர்ப்பவர் தம் கையெழுத்து திருந்திவிட்டது என்று சொல்லிக்கொள்வதில்லை.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: ஒரு வருடம் பட்டரைத் தவிர எதையும் தொடாதே என்பவர்கள். அவர்கள் பக்கம் நியாயம் அதிகம். ஆனாலும் முழுதாக ஒப்ப முடியவில்லை. பட்டர் தள்ளாட்டத்தையும் மணிக்கட்டுப் புரட்டலையும் ஒளிக்காமல் காட்டிவிடும். மூக்கைத் தூக்கி எறிவதை மட்டும் மன்னித்துவிடும். மொத்தையான அதன் விளிம்பு அந்தக் கோணத்திலும் மிதந்து போய்ச் சேரும். மெல்லிய ஃபேர்வே டிரைவரிடம் அந்தச் சலுகை கிடையாது. லெப்பர்டை (6, 5, -2, 1) மூக்கு தூக்கி எறிந்து பாருங்கள்: ஏறும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பிறகு இடப்பக்கம் சரிந்து வாசலிலேயே விழும். மூக்கைத் தாழ்த்தி, சுத்தமாக, லேசான ஹைசர் கோணத்தில், அதாவது வெளிவிளிம்பு தாழ, விட்டால் தானாகச் சமநிலைக்கு வந்து நெடுந்தூரம் மிதந்து போகும். இப்போது டெக்டிஸ்க் என்று உணரி பதித்த ஒன்று வந்திருக்கிறது. வேகம், சுழற்சி, மூக்கின் கோணம், தள்ளாட்டம் அனைத்தையும் எண்ணாகச் சொல்லும். அது நல்ல கருவிதான். அது எண்ணில் சொல்வதில் பெரும்பகுதியை லெப்பர்ட் பறந்தே காட்டிவிடுகிறது, அதுவும் பத்துப் பதினைந்து டாலருக்கு.

ஆகையால் கற்கிறவருக்கு வேண்டியது காட்டிக்கொடுக்கும் டிஸ்க்குகள். ஏவியார் போல நேரான ஒரு பட்டர்; பஸ் என்ற டிஸ்க்ராஃப்ட் மிட்ரேஞ்சு (5, 4, -1, 1) அல்லது அதன் சாயலில் ஒன்று; ஒரு லெப்பர்ட் அல்லது லாட்டிட்யூட் 64-இன் ரிவர். பெயர் முக்கியமில்லை, எந்த நிறுவனத்திலும் இதே குணமுள்ளது கிடைக்கும். எடையில் கொஞ்சம் கவனம் வேண்டும். சங்கத்தின் விதி விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் என்பதால் பெரும்பாலான டிரைவர்களின் உச்ச எடை 175 கிராமை ஒட்டி நிற்கும். அந்த உச்ச எடையைத் தேடிப் போவது வீண் வீம்பு. மெதுவான கைக்கு 150-இலிருந்து 165 வரையிலான டிரைவர் எளிதில் எழும்பும். பட்டரும் மிட்ரேஞ்சும் கனமாக இருந்தால் தவறில்லை.

காசு மிஞ்சினால் நாலாவது வகையை வாங்காதீர்கள். முதலாவதையே இன்னும் மூன்று வாங்குங்கள். ஒரே பட்டர், ஒரே எடை, ஒரே பிளாஸ்டிக்கில் நாலு. வெற்றுத் திடலில் ஒன்றன்பின் ஒன்றாக எறிந்துவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். நாலும் ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குள் கிடந்தால் கை சீராகிறது. சிதறிக் கிடந்தால் அதற்கு டிஸ்க் காரணம் என்று சொல்ல வாய்ப்பே இல்லை, நாலும் ஒன்றுதானே. இந்தச் சோதனையைத்தான் பல வகை டிஸ்க் நிறைந்த பை நம்மைச் செய்யவிடாது. பன்னிரண்டு வகையை எறிந்தால் பன்னிரண்டு சாக்கு கிடைக்கும். மலிவுப் பிளாஸ்டிக் சீக்கிரம் அடிபட்டு, நாளாக ஆக வலப்பக்கம் சாயத் தொடங்கும். அதையும் எறிந்துவிட வேண்டாம். அதே டிஸ்க்கில் புதிது ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்தால் ஒரே அச்சில் இரண்டு குணம் கிடைத்துவிடும்.

எப்போது வேகமான டிரைவருக்குப் போகலாம் என்று கேட்பார்கள். லெப்பர்ட் ஹைசரில் கிளம்பி நிமிர்ந்து நேரே பறந்து, எண்பது, தொண்ணூறு மீட்டரில் பத்துக்கு ஏழு முறை நினைத்த பக்கம் விழும் நாள் வரட்டும். அன்றைக்கு ஒன்பதாம் எண்ணை வாங்கலாம். பன்னிரண்டு அதற்கும் அப்பால். பலருக்கு அது ஒருபோதும் தேவைப்படாது. மரமடர்ந்த மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கு நிச்சயம் தேவைப்படாது.

கடைசியாக, வருடக்கணக்கில் ஆடிவரும் அண்ணன்மார் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் டீயில் புதிதாக ஒருவர் வந்து, என்ன டிஸ்க் வாங்கலாம் என்று கேட்பார். பெயர் சொல்லாதீர்கள். முதலில் ரெண்டு எறியச் சொல்லி, பக்கத்தில் நின்று மணிக்கட்டைப் பாருங்கள். பிறகு உங்கள் பையின் அடியில் விளிம்பெல்லாம் தேய்ந்து கிடக்கும் பழைய லெப்பர்டை எடுத்து அவர் கையில் கொடுங்கள். திருப்பிக் கேட்காதீர்கள்.